தூணில் ஒட்டிய நாற்பதாம் நாள்

அத்தியாயம் 9

"இந்த வண்டியை எந்த மடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க பாஸ்?" என்றாள் பென்கா. "மார்ச் பத்தாம் தேதி பதினோரு வியாதி. பதினாலாம் தேதி ஒரு தும்மல்கூட இல்ல. அந்த மடத்து விலாசம் கெடச்சா என் முட்டிவலிக்கு நானும் போய்ட்டு வருவேன்."

ஸ்பாஸ் சிரிக்கவில்லை. காரின் முன்மூடி மேல் இரண்டு தாள்களையும் ஒரு போட்டோவையும் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஐம்பத்து மூன்று வயது. முதலில் மெக்கானிக், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீடு, இப்போது சொந்தமாகத் துப்பறிதல். பென்கா அவருக்கு உதவியாள். பதினாறு வருஷம் டாக்ஸி ஓட்டியவள். வாய் மட்டும் இன்னும் மீட்டர் போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தாள், மார்ச் பத்தாம் தேதி அந்த வெள்ளை வேன் வருடாந்திரச் சோதனையில் தோற்றதற்கான தாள். பின் பிரேக் குழாயில் துரு. கதவுக்குக் கீழே அடித்தகட்டில் துரு, விரல் போகிற ஓட்டை. முன் சக்கரத்தில் ஆட்டம். டயர் வழுக்கை. மங்கின ஹெட்லைட். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற ஹேண்ட் பிரேக். கரும்புகை. இன்னும் நாலு. பதினேழு வயசு வேன், வேறென்ன செய்யும்?

இரண்டாவது தாள், நாலு நாள் கழித்து அதே வேன் தேறியதற்கான சான்று.

மே இருபத்தொன்றாம் தேதி விடிகாலையில் அந்த வேன் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கிற பெண்கள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்கியது. கீழே திருப்பத்தில் நிற்கவில்லை. ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு. ஒரு பெண் இன்னும் கண் திறக்கவில்லை. ஓட்டியவன் மின்கோ, பிரேக்கை மிதித்தேன், பெடல் தரைவரை போய்விட்டது என்றான். வண்டி முதலாளி ஹரலாம்பி சான்றை நீட்டினான். வண்டி நன்றாக இருந்தது, டிரைவர் தூங்கிவிட்டான் என்றான். பிரேக் குழாய் மோதலில் அறுந்தது என்று போலீஸ் நிபுணரும் எழுதிவிட்டார். மின்கோ உள்ளே இருக்கிறான். நாளைக் காலை பத்து மணிக்கு ப்ளோவ்டிவ் கோர்ட்டில் அவன் விஷயம் வருகிறது. இந்தச் சான்று நின்றுவிட்டால் அவன் வெளியே வர வருஷங்கள் ஆகும்.

சான்றுக்குத் துணை இந்தப் போட்டோ. சோதனை நிலையத்து வாசலில் வேன் நிற்கிறது. முன்பக்கமும் ஓட்டுநர் பக்க ஓரமும் தெரிகின்றன. கீழே மஞ்சள் எழுத்தில் மார்ச் 14.

அதே வாசலில்தான் இப்போது அவர்கள் நின்றிருந்தார்கள்.

நிலையத்துப் பொறுப்பாளன் டோப்ரி, வண்டியின் அடிப்பக்கம் பார்க்க இறங்குகிற குழியிலிருந்து ஏறி வந்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்தது போதாதென்று பேன்டிலும் துடைத்தான்.

"மறுபடியுமா ஸ்பாஸ் அண்ணே? எல்லாத்தையும் போலீஸ்லயே சொல்லிட்டேனே."

"அவங்ககிட்ட சொன்னதையே என்கிட்டயும் சொல்லு. போட்டோ எடுத்தது நீதானே?"

"நான்தான். மார்ச் பதினாலு. தேதி போட்டோவுலயே இருக்கே."

"கேமராவுல தேதியை எங்க அத்தை வீட்டுப் பூனைகூட மாத்தும்," என்றாள் பென்கா.

"பதினோரு கோளாறும் நாலே நாள்ல சரியாயிடுச்சா?"

"ஹரலாம்பி ப்ளோவ்டிவ்ல ஏதோ பெரிய பட்டறையில குடுத்தாராம். எனக்கென்ன தெரியும்? வண்டி வந்துச்சு, பாத்தேன், முத்திரை குத்தினேன்."

ஸ்பாஸ் போட்டோவை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஹெட்லைட் மங்கியிருந்தா பற்பசை போட்டுத் தேச்சா போதும். டயர் வழுக்கைன்னா மச்சான்கிட்ட நாலு டயர் வாங்கி மாட்டி, சோதனை முடிஞ்சதும் மத்தியானமே திருப்பிக் குடுத்துடலாம். நம்ம பக்கத்துல பாதி வண்டி அப்படித்தான் பாஸாகுது, நீயும் கண்டுக்க மாட்டே. ஆனா அடித்தகடு? துரு தின்ன இடத்தை வெட்டி ஒட்டுப்போட்டா தழும்பு இருக்கும்ல? இதுல பாரு. கெழவனுக்குக் கொழந்தையோட கன்னம் வந்த மாதிரி இருக்கு."

"நல்ல வெல்டர் செஞ்சிருப்பான்."

"அந்த வெல்டர் என் மூஞ்சிக்கும் ஒரு நாள் ஒதுக்குவானா?" என்றாள் பென்கா. பிறகு கொட்டாவி விட்டாள். "நீங்க ரெண்டு பேரும் தகடு பத்திப் பேசுங்க. நான் போய் ஒரு காப்பி வாங்கிட்டு வரேன்."

அவள் வாசல் ஓரத்துக் காப்பிப் பெட்டிக்கடையை நோக்கி நடந்தாள். ஸ்பாஸ் பூதக்கண்ணாடியை எடுத்து நம்பர் பிளேட் மேல் வைத்தார். இடது மூலையில் ஒரு மடிப்பு. மடங்கியதை யாரோ தட்டி நிமிர்த்திய அடையாளம். போலீஸ் நிலையத்து முற்றத்தில் நொறுங்கிக் கிடந்த வேனில் முன் நம்பர் பிளேட்டே இல்லை. 'முன் பிளேட் காணவில்லை, வயலில் விழுந்திருக்கலாம்' என்று அறிக்கையில் ஒற்றை வரி. மின்கோ ஈஸ்டருக்கு எடுத்த படத்தில் அதே பிளேட் அளவுகோல்போல் நேராக இருந்தது.

மார்ச்சில் மடிந்தது ஏப்ரலில் தானாக நிமிருமா?

"டோப்ரி, எதுக்கு முன்பக்கம் மட்டும் எடுத்தே? பின்னாடியும் எடுக்கணுமே."

"கேமராவுல பேட்டரி தீந்துடுச்சு அண்ணே."

அப்போது பென்கா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகத்தில் இருந்த தூக்கத்தைக் காணோம்.

"காப்பி கெடைக்கல பாஸ். கடை மூடியிருக்கு. கடைக்காரம்மா கேனா செத்துட்டாங்களாம்."

"ஏப்ரல்ல," என்றான் டோப்ரி. "பாவம், நெஞ்சுவலி."

"ஆமா, தூண்லயே ஒட்டியிருக்கு, படிச்சேன். காப்பி கெடைக்கலேன்னாலும் கேனா அக்கா கெடச்சாங்க." அவள் ஸ்பாஸ் கையிலிருந்த போட்டோவில் ஒரு மூலையைத் தொட்டாள். "இங்க இருக்காங்க பாருங்க."

ஸ்பாஸ் நிமிர்ந்து பார்த்தார். வாசல் தூணில் இரண்டு அஞ்சலித் தாள்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. அந்த ஊரில் எந்தச் சுவரில்தான் அவை இல்லை? இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரை வருஷத்துக்கு ஒன்று. கதவில், மின்கம்பத்தில், பஸ் நிறுத்தத்தில், மழையில் ஊறி வெயிலில் வெளுத்து, மேலே மேலே ஒட்டிக்கொண்டே போவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர்களின் கண்ணுக்கு அது சுவரின் நிறம். அந்தப் போட்டோவை எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பாஸும் அதைப் பார்த்ததில்லை.

போட்டோவில் வேனுக்குப் பின்னால் அதே தூண். அதே இரண்டு தாள்கள். கீழே இருந்ததில் கொட்டை எழுத்தில் '40 நாள்' என்று கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

அவர் தூணருகே போய் வாய்விட்டுப் படித்தார். "நம் அன்புக்குரிய கேனா ஏப்ரல் பதினாலாம் தேதி பிரிந்து நாற்பது நாட்கள். மே இருபத்து நாலாம் தேதி கல்லறையில் நினைவுகூர்கிறோம்."

சாலையில் ஒரு டிராக்டர் போயிற்று.

"டோப்ரி," என்றார் ஸ்பாஸ். "மார்ச் பதினாலுல அந்தம்மா உயிரோட உனக்குக் காப்பி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு எடுத்த போட்டோவுல அவங்களோட நாற்பதாம் நாள் எப்படி வந்துச்சு?"

டோப்ரி குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"மின்கோவோட வண்டி நொறுங்கினது மே இருபத்தொண்ணு. நாற்பதாம் நாள் தாளை அதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடிதான் ஒட்டுவாங்க, அப்ப இது ஒட்டினது ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம். அப்ப இந்தப் போட்டோ எடுக்கிறப்போ நெஜ வண்டி அப்பளமாகி போலீஸ் முற்றத்துல கெடக்கு. இங்க நிக்கிறது வேற வண்டி. நம்பர் பிளேட் மட்டும்தான் அதோடது. வயல்லேர்ந்து பொறுக்கினது."

"அந்தத் தாளைக் கிழிச்சிருக்கலாமே, மனுஷா?" என்றாள் பென்கா. குரலில் நிஜமாகவே பரிதாபம் இருந்தது. "இல்லேன்னா வண்டியை ரெண்டடி தள்ளி நிறுத்தியிருக்கலாம்."

"பாத்தேன்." டோப்ரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன். கிழிக்கக் கையை வெச்சேன். செத்தவங்க தாளை எப்படி அண்ணே கிழிக்கறது? பதினெட்டு வருஷம் அந்தப் பொம்பள கையால காப்பி குடிச்சிருக்கேன். கை வரல. எவன் இதையெல்லாம் பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

"மார்ச்ல என்ன நடந்துச்சு?"

"வண்டியே வரல. ரிப்பேர் பண்ணின ஆளு தாளோட வந்தான். எல்லாம் பாத்துட்டேன், முத்திரை குத்துன்னான். தெரிஞ்சவன். நம்பினேன். ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் அவனே இன்னொரு வண்டியோட வந்து நின்னான். போட்டோ இல்லேன்னா நாம ரெண்டு பேரும் உள்ள போவோம்னான்."

"யாரு?"

"ப்ளோவ்டிவ் பட்டறையெல்லாம் சும்மா. அவ்வளவுதான் சொல்லுவேன். பேரை என் வாயால கேக்காதீங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

எவ்வளவு உலுக்கியும் பேர் மட்டும் வரவில்லை. பென்கா கிளம்பும்போது தூணுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று சிலுவை போட்டாள்.

மின்கோவின் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. முற்றத்தில் ரங்கெலின் வேன் நின்றிருந்தது. மற்ற நாட்களில் அவர் இரண்டு தெரு தள்ளி, வண்டி ரிப்பேர் பார்க்கிற தன் கொட்டகையிலிருந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருவார். நாளைக்கு மின்கோவின் மனைவி நெவேனாவைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று டீசல் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

ரங்கெல், மின்கோவுக்கும் நெவேனாவுக்கும் கும், அதாவது கல்யாணத்தில் சாட்சி நிற்கிற ஞானத் தகப்பன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நெவேனாவைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போய், கல்யாணத்தில் இருவர் தலைக்கு மேலும் கிரீடம் பிடித்தவர். ரத்த உறவு சண்டை போடும், சேரும். கும் உறவில் சண்டையே கிடையாது. அவர் பேச்சைத் தட்டினால் வீட்டில் பால்கூடத் திரியும் என்பார்கள். மின்கோ உள்ளே போன நாளிலிருந்து ஒரு வேளை தவறாமல் சாப்பாடு கொண்டு வருகிறார். ஸ்பாஸும் அந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த பீன்ஸ் சூப்பைப் பலமுறை சாப்பிட்டிருக்கிறார்.

"வாங்க வாங்க, மலையிறங்கி வந்த மாதிரி இருக்கீங்க," என்றார் ரங்கெல். "நெவேனா, இவங்களுக்கு ஊத்தும்மா. ஏதாச்சும் தேறுச்சா?"

"தேறுச்சு," என்றார் ஸ்பாஸ். பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. "போட்டோ பொய். கோர்ட்டுல அரை நிமிஷத்துல உடைச்சுடலாம். இனி அதுல நிக்கிற வண்டி யாரோடதுன்னு தெரிஞ்சா போதும். சான்றும் சேந்து போயிடும்."

நெவேனா கரண்டியைக் கீழே வைத்தாள். தையல் பாக்டரியில் வேலை பார்ப்பவள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. அழுது அழுது வற்றிய முகம். "அப்ப அவர் வந்துடுவாரா சார்?"

"வருவார்மா. இந்தா, நீயும் பாரு. கும்மும் பாக்கட்டும். இந்தப் பள்ளத்தாக்குல வீட்டுக்கு ஒரு கெழட்டு வெள்ளை வேன். ஓட்டுநர் சீட்டுல ஏதோ துணி தெரியுது, நீலமா. கோணின்னு நெனச்சேன்."

அவள் போட்டோவை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள்.

"கோணி இல்ல சார்," என்றாள். "கோட்டுத் துணி. எங்க பாக்டரியில இத்தாலிக்குப் போற கோட்டுல மிச்சமானது. ஓரத்துல வெள்ளை நெளி நாடா வெச்சு நான்தான் தைச்சேன். எங்க மூத்தவளுக்குக் கும் ஞானஸ்நானம் பண்ணிவெச்ச வருஷம். சீட் உறை ஒரே ஒரு ஜோடிதான் தைச்சேன், கும்மோட வண்டிக்கு."

ரங்கெல் நாற்காலியை விட்டு எழுந்தார். பென்கா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். எப்போது நகர்ந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"உக்காருங்க," என்றாள் பென்கா. "என் காரை உங்க வண்டிக்குக் குறுக்கதான் நிறுத்தியிருக்கேன். டாக்ஸிக்காரி புத்தி. கெளம்பணும்னா என்னைக் கேக்கணும்."

ஸ்பாஸுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மோதல் நடந்த இடத்துக்கு முதலில் ஓடியவர் ரங்கெல். மின்கோவை இழுத்து வெளியே போட்டவர். எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சினார்கள். வயலில் கிடந்த பிளேட் அவர் கையில்தான் கிடைத்திருக்கும்.

அதைவிட மோசமான ஒன்று பின்னாலேயே வந்தது. மே இருபத்திரண்டு. இதே மேஜை. நெவேனா அவரிடம் வழக்கை ஒப்படைத்த சாயங்காலம். ஸ்பாஸ் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: 'ஆள் ஏத்துற வண்டிக்கு இன்சூரன்ஸ்காரன் சோதனை அன்னைக்கு எடுத்த போட்டோ கேப்பான். அந்த நிலையத்துல போட்டோ இல்லேன்னா சான்று பொய்னு ஆயிடும், மின்கோ வெளிய வந்துடுவான்.' எதிரே ரங்கெல் உட்கார்ந்து, மெதுவாகத் தலையாட்டி, ஸ்பாஸின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார். நாலாவது நாள் போட்டோ போலீஸ் கைக்கு வந்துவிட்டது.

"நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றார் ஸ்பாஸ். சொந்தக் குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது. "எது இல்லேன்னு நான் சொன்னேனோ, அதை நீங்க உண்டாக்கிட்டீங்க. தினமும் என்ன கண்டுபிடிச்சேன்னு கேப்பீங்க. அக்கறைன்னு நெனச்சேன்."

"ஸ்பாஸ், கேளுங்க..."

"மார்ச்ல அந்த வண்டியை ரிப்பேர் பண்ணினது உங்க கொட்டகையிலதானே?"

ரங்கெல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஹரலாம்பி கொண்டாந்து விட்டான். ரோஜா சீசனுக்குள்ள வேணும்னான். பிரேக் குழாயைச் சொரண்டிப் பாத்தேன், இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு தோணுச்சு. மேல கறுப்புப் பெயின்ட் அடிச்சேன். எல்லாரும் அடிக்கறதுதான். இப்படி ஆகும்னு நெனச்சேனா? மின்கோ என் பிள்ளை மாதிரி."

"அவர்கிட்ட ஏன் சொல்லல?" நெவேனா திரும்பாமல் கேட்டாள். இன்னும் முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வண்டியை ஓட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. பிரேக் சரியா பிடிக்கலேன்னு அவர் உங்ககிட்டதானே வந்து சொன்னாரு. கும் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாருன்னு என்கிட்ட வந்து சொன்னாரு. நான் நிம்மதியா தூங்கினேன்."

"நெவேனா, அவனுக்கு ரெண்டு வருஷம் ஆகும்னு வக்கீல் சொன்னான். எனக்குன்னா ஆறு, ஏழு. எனக்கு அறுபத்து மூணு வயசு, உள்ளேயே செத்துடுவேன். அவன் சின்னவன், தாங்குவான். உனக்கும் பிள்ளைங்களுக்கும் ஒரு குறையும் வெக்க மாட்டேன்னு மாதா சத்தியமா நெனச்சேன். ஒரு வேளை தவறினேனா, சொல்லு?"

அவள் அப்போதுதான் திரும்பினாள்.

"அப்ப என் புருஷன் அங்க இருக்கறதுக்கு நீங்க இங்க பீன்ஸ் சூப் ஊத்தினீங்க."

அவள் அடுப்பிலிருந்த சட்டியைத் துணி பிடித்து இறக்கினாள். மூடியை மூடினாள். மேஜையில் அவர் முன்னால் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"நீ என் பேரைக் கோர்ட்டுல சொல்லக் கூடாது," என்றார் ரங்கெல். இப்போது குரலில் கெஞ்சல் இல்லை. "நான் உன் கும். கும்மைக் காட்டிக் குடுத்த வீடு வெளங்கினதா எங்கயாவது கேட்டிருக்கியா?"

பென்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்பாஸ் கையைக் காட்டித் தடுத்தார். இந்த ஒரு வார்த்தையை வேறு யாராலும் சொல்ல முடியாது. டோப்ரி பேர் சொல்ல மாட்டான். ஹரலாம்பி வாய் திறக்க மாட்டான். அந்த நீலத் துணியை யார் தைத்தது என்று ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

நெவேனா கொடியில் கிடந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஜூன் மாதத்தில் கோட்டு. பொத்தான் மாட்ட மூன்று முறை பார்த்தாள். போட்டோவைக் கோட்டுப் பையில் வைத்தாள்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு சார்?" என்றாள் ஸ்பாஸிடம். "போலீஸ் ஸ்டேஷன் இப்ப தெறந்துதானே இருக்கும்?"

"இருக்கும்மா. வா, எங்க கார்ல..."

"வேண்டாம்." அவள் ரங்கெலைப் பார்த்தாள். "என்னைத் தேவாலயத்துக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க, குமே. இதுக்கும் நீங்களே ஓட்டுங்க. அந்த சீட்டுலயே உக்காந்து ஓட்டுங்க."

ரங்கெல் அவள் முகத்தில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை போலும். சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். முற்றத்து வெயிலில் கண் கூசியது. பென்கா தன் காரை ஒதுக்கி வழிவிட்டாள். நெவேனா வேனில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பாஸ் பின்னால் ஏறினார்.

பென்கா ஓட்டுநர் ஜன்னல் அருகே வந்து குனிந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"ஸ்டேஷனுக்குப் போற வழியில பெரிய எறக்கம் இருக்கு. இதுல பிரேக் பிடிக்குமா?"

ரங்கெல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிடிக்கும்," என்றார். "இதுக்கு மார்ச்சுல குழாய் எல்லாம் புதுசா மாத்தினேன்."

நெவேனா கதவைச் சாத்தினாள்.